கில்ட் கட்ட இடுப்பு தேடிய வாரம்

"உங்கள் இடுப்பு எங்கே இருக்கிறது?"

ஐம்பத்தாறு வயதில் இந்தக் கேள்வியை முதன்முதலாக என்னிடம் கேட்டவர் டங்கன். மான்ட்ரியாலில் அவர் வீட்டு மாடி அறையில், மேலே முழுக்கைச் சட்டையும் கீழே பட்டாப்பட்டி டிராயருமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் கையில் பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட ஒரு கில்ட். ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டிக்கொள்ளும் அந்த முழங்கால் உயரக் கம்பளிப் பாவாடையை அதுவரை நான் பிஸ்கட் டப்பா மூடியில்தான் பார்த்திருந்தேன்.

வழக்கமாகப் பெல்ட் போடும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அதாவது தொப்பைக்குக் கீழே. டங்கன் தலையை ஆட்டினார். "அது இடுப்பு இல்லை. உங்கள் கால்சட்டை தோற்றுப்போய் உட்கார்ந்துவிட்ட இடம். இடுப்பு இங்கே இருக்கிறது" என்று என் தொப்புளுக்கு ஒரு விரல் மேலே காட்டினார்.

அங்கே வைத்துச் சுற்றினால் கில்ட்டின் தோல் வார் பக்கிளுக்கு எட்டவில்லை, ஒரு சாண் குறைந்தது. தொப்பைக்குக் கீழே இறக்கினால் வார் எட்டியது. ஆனால் கில்ட் கெண்டைக்கால் வரை தொங்கியது, ஓர் எட்டு வைத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

இந்த வம்பு தொடங்கியது ஆவணி மாதத்தில், ஒரு போனில். பேசியவள் நித்யா, என் தங்கை கமலாவின் ஒரே பெண். கமலா கல்யாணமாகி மான்ட்ரியாலுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. இங்கே கணக்குப் பேராசிரியராக இருந்த என் மச்சான் சுந்தரம் மூன்று வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். நித்யா கட்டிக்கொள்ளப் போகிற பையன் இயன், டங்கனின் மகன். காலையில் முருகன் சன்னதியில் தாலி, மத்தியானம் சர்ச்சில் மோதிரம் என்று ஏற்பாடு. சர்ச்சில் பெண்ணை அவள் அப்பா அழைத்துக்கொண்டு வர வேண்டுமாம்.

"அப்பா இடத்துல நீங்க வரணும் மாமா" என்றாள். தாய்மாமன் பெண்ணை அழைத்து வருவது நமக்கொன்றும் புதிதில்லை. சரி என்றேன்.

"அவங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாம் கில்ட் போடுவாங்க. உங்களுக்கும் ஒண்ணு தைக்கறாங்க. மாமா கில்ட் போட்டா நானும் கோயில்ல வேட்டி கட்டறேன்னு இயன் சொல்றான்." சம்பந்தி வீட்டில் எடுத்துக் கொடுக்கிற துணியை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதற்கும் சரி என்றேன். இடுப்பு அளவு கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன்.

அது நான் வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஆபீசுக்குப் போகும்போது மாட்டுகிற பேன்ட்டின் அளவு. கும்பகோணத்தில் எனக்கு மிட்டாய்க் கடை. கடையில் எப்போதும் வேட்டிதான். வேட்டி கட்டுகிறவனுக்கு அளவு எதற்கு? பந்திக்கு முன்னால் ஒரு சுற்றளவு, பந்திக்குப் பின்னால் ஒரு சுற்றளவு. வேட்டி எதுவும் கேட்காமல் விட்டுக்கொடுக்கும். பாகு பதம் பார்த்து, மிக்சர் உப்புப் பார்த்து, அல்வா சூடு பார்த்து முப்பது வருஷமாக வளர்த்த தொப்பை இது. அதை நாடா வைத்து அளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த திங்கள் தீபாவளி. தீபாவளி வாரத்தில் ஒரு மிட்டாய்க் கடைக்காரனை ஊரை விட்டுக் கிளப்ப அக்காள் தங்கை பெற்ற பெண்ணால்தான் முடியும். கடையை மனைவியிடமும் அவள் தம்பியிடமும் விட்டிருந்தேன். மைத்துனனுக்கு மைசூர்பாகு எப்போதும் ஒரு பதம் முந்திவிடும். கமலா வீட்டில் சத்தமே இல்லை. கார்ப்பெட்டில் நடந்தால் என் காலடி எனக்கே கேட்கவில்லை. சோபாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன், குளிர்பெட்டியைத் திறந்து மூடினேன், சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். தெருவில் ஆளே இல்லை.

வெளியே போனால் கம்பத்துக்குக் கம்பம் அட்டை. ஒன்றில் 'வுய்', இன்னொன்றில் 'நோன்'; பிரெஞ்சில் ஆமாம், இல்லை. கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிவதா வேண்டாமா என்று அந்த மாதக் கடைசியில் ஓட்டுப் போடப் போகிறார்களாம். நாடு உடையுமா என்கிற ஊரில் ஒருவர்கூடக் கத்தவில்லை, ஒரு மைக் செட் இல்லை. எங்கள் ஊரில் வார்டு கவுன்சிலர் தேர்தலுக்கே காது கிழிந்துவிடும்.

ராத்திரி, ஊரில் விடிந்து கடை திறந்திருக்கும் நேரம் பார்த்து, வீட்டுக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போன் போட்டேன். மைத்துனன் எடுத்தான், பின்னணியில் கூட்டம் இரைந்தது. பேசி வைத்ததும் கமலா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரும் வீட்டுல இப்படித்தான்ண்ணே, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுத்தான் திரிவார். ஆனா ஊர்லேர்ந்து அவங்க அப்பா போன்ல வந்தா போதும். முதல்ல வேட்டியை இறக்கி விட்டுட்டுத்தான் ரிசீவரையே வாங்குவார். 'யாரு பார்க்கப் போறா?'ன்னு கேட்டுக் கேட்டு இவ உருண்டு உருண்டு சிரிப்பா."

நித்யா எதிரில்தான் இருந்தாள். சிரிக்கவில்லை. யார் எந்தக் காரில் வருவது என்று யாருக்கோ போன் செய்யப் போய்விட்டாள். கமலா குரலைத் தாழ்த்தினாள். "அப்பா பேச்சையே எடுக்க மாட்டேங்கறா. போட்டோவை எங்க வைக்கறதுன்னு கேட்டா எழுந்து போயிடறா. அழுதா தேவலை, அதுவும் இல்லை. நீங்க கூட நடந்து வர்றதுதான் ஒரே தெம்புண்ணே." அந்த வார்த்தை எனக்குள் நன்றாக இறங்கி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள்தான் டங்கன் வீட்டு மாடியில் என் இடுப்பைத் தேடியது. அவருக்கும் என்னைப் போலவே நல்ல தொப்பை, அதில் எனக்கு ஓர் ஆறுதல். தேநீரோடு அவர் அக்கா மார்கரெட் ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வைத்தார். எண்பது வயசு, கையில் தடி, முகத்தில் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது. பிஸ்கட்டைக் கடித்துப் பார்த்தேன். மைதா, சர்க்கரை, வெண்ணெய், வேறொன்றும் இல்லை. வெண்ணெய்க்குப் பதில் நெய் விட்டால் எங்கள் கடை நெய் பிஸ்கோத்து. ஆறு தின்றேன். மார்கரெட் என் தொப்பையையும் காலித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேறு கில்ட் வாடகைக்கு எடுக்கலாமே என்று கேட்டேன். இந்தக் கட்டம் அவர்கள் குடும்பத்துக் கட்டம், சொல்லி வைத்து நெய்தது, கடையில் கிடைக்காது என்றார் டங்கன். "வாரை நீட்டிவிட்டால் போதும். யாராவது தையற்காரரிடம் காட்டுங்கள்" என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை பையும் கையுமாகக் கிளம்பினேன். பாதாள ரயிலை இங்கே மெட்ரோ என்கிறார்கள். ரயில் சாது, ஸ்டேஷன் கதவுதான் துஷ்டன். அடியிலிருந்து கிளம்பும் காற்று அத்தனையும் அந்தக் கதவில் வந்து முட்டுகிறது. தள்ளினால் திறக்காது. திறந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வீச்சு வீசும். எனக்கு முன்னால் போன அம்மாளின் தொப்பி மேலே போய், படிக்கட்டில் இறங்கி, என் காலடியில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. பேன்ட் போட்டவனுக்கே இந்தக் கதி என்றால் பாவாடை கட்டியவனுக்கு என்ன ஆகும்?

கவலைப்பட்டால் எனக்குப் பசிக்கும். ஜான்-டலோன் சந்தையில் இறங்கினேன். மலை மலையாகப் பூசணிக்காய். பாதிக் காயில் கண்ணும் மூக்கும் பல்லுமாக முகம் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருஷ்டிக்கு வாசலில் கட்டுவதற்கு என்று நினைத்தேன். ஏறக்குறைய அதேதான், பேயை விரட்ட வாசற்படியில் வைப்பார்களாம். ஒரு கடைக்காரி மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சி எடுத்த சர்க்கரைக் கட்டியை ஒரு துண்டு உடைத்துக் கையில் வைத்து, சாப்பிட்டுப் பார்க்கும்படி ஜாடை காட்டினாள். நாக்கில் வைத்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதில் கொஞ்சம் சுக்கும் ஏலமும் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு பிரெஞ்சு மட்டும்தான் தெரியும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் வீடியோ கேசட் கடைக்குக் கீழே, சாரி ரவிக்கை தைத்துத் தரப்படும் என்று தமிழிலேயே பலகை தொங்கியது. உள்ளே யோகேஸ்வரி என்கிற யாழ்ப்பாணத்து அம்மாள். வாய் நிறைய ஊசி.

"வாங்கோ அண்ணை. உதென்ன, பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர பாவாடையோ?"

"எனக்குத்தாம்மா" என்றேன்.

"உங்களுக்கோ?" ஊசியை எல்லாம் வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். கதையைச் சொன்னேன். "ஓம், ஓம், ஸ்கொட்லன்ட் ஆக்கள் உடுக்கிறது. இருங்கோ, முதல்லை அளவெடுப்பம். மூச்சைப் பிடிக்காதேங்கோ அண்ணை! பிடிச்சு என்ன செய்யப் போறியள், சனிக்கிழமை விடத்தானே வேணும்."

விட்டேன். "நாப்பத்தாறு" என்று அவர் உரக்கச் சொன்னதில் ரவிக்கைத் துணியோடு காத்திருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"துணி காணும், வார்தான் காணாது. தோல் வேணும். என்னட்டைத் தோல் இல்லை." யோசித்தபடி அவர் கண் என் இடுப்பில் வந்து நின்றது. "உந்த பெல்ட்டைத் தாங்கோவன்."

"அப்புறம் பேன்ட்?"

"கையாலை பிடிச்சுக்கொண்டு போங்கோ. தூரமே?"

கும்பகோணத்தில் வாங்கிய என் பெல்ட் மூன்று துண்டானது. வேலை முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய்ப் பேன்ட்டுக்கு மேலேயே கட்டிப் பார்த்தேன். கில்ட்டின் ஒரு பாதி பலகை மாதிரி மட்டம், இன்னொரு பாதி முழுக்கக் கொசுவம். கொசுவத்தை முன்னால் வைத்துக்கொண்டேன். வேட்டிக் கொசுவம் முன்னால்தானே வரும். டங்கன் பின்னால் வைத்துக் கட்டியது அளவு போதாததால் அவர் செய்து பார்த்த வித்தை என்றே நினைத்திருந்தேன்.

"கொய்யகம் முன்னுக்கு வந்தாத்தான் வடிவு" என்றார் யோகேஸ்வரியும். கொசுவத்தைத்தான் அப்படிச் சொன்னார். சௌகரியம் என்றால் அப்படி ஒரு சௌகரியம். தொப்பை முன்னே வரவரக் கொசுவம் விரிந்து இடம் கொடுத்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை, தொந்திக்காரனை நினைத்தே தைத்திருக்கிறார்கள் என்று அவர்களை மனதாரப் பாராட்டினேன்.

திரும்பும் வழியில் மெட்ரோ கதவு. ஒரு கை பேன்ட்டில், ஒரு கை கதவில், பை அக்குளில். காற்று அடித்ததும் பை நழுவியது. பையைப் பிடிக்கப் போனால் பேன்ட் போகும். நான் பேன்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். எதிரே வந்த ஒரு பெரியவர் பையை எடுத்து என் அக்குளில் செருகி, "கூராஜ், முஸ்யே" என்றார். தைரியமாக இருங்கள் என்று அர்த்தமாம், நித்யா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் ஒத்திகை. வீட்டிலேயே கில்ட்டைக் கட்டிக்கொண்டு கமலாவின் காரில் போனேன். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் கமலாவுக்கு அங்கே இருக்கும் எலிகளைத் தெரிகிற அளவுக்குக் கில்ட்டைத் தெரியாது, "நல்லாத்தாண்ணே இருக்கு" என்றாள். உள்ளே டங்கன், இயன், மார்கரெட், ஆபீசிலிருந்து நேரே வந்த நித்யா. கொசுவத்தை விசிறிக்கொண்டு நான் நடுவழியில் நடந்து வந்தேன். டங்கன் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மார்கரெட் தடியை ஊன்றி நிமிர்ந்து, "இவர் நாளைக்குப் பின்பக்கமாக நடந்து வரப் போகிறாரா?" என்று கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. எங்கள் ஊரில் கொசுவம் முன்னால்தான் வரும், பின்னால் வைத்து யாருக்குக் காட்டுவது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பொரிந்தேன். மனதுக்குள் வேறு ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண வீடியோ கேசட் ஊருக்கு வரும். பங்காளிகள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். தாய்மாமன் முழங்கால் தெரிய வருகிற இடம் வந்ததும் நிறுத்தி, திருப்பி ஓட்டி, மறுபடி பார்ப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. நடுவழியில் இது கழன்று விழுந்தால்? அப்பா இல்லாத பெண் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற நேரத்தில்?

"எனக்கு இது சரிப்படாதும்மா. நாளைக்கு வேட்டியிலேயே வந்துடறேன்" என்றேன் நித்யாவிடம்.

கோபித்துக்கொள்வாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி மாமா. உங்களுக்கு எது வசதியோ அதே பண்ணுங்க" என்றாள், ஆபீசில் பேசுகிற குரலில். திரும்பிப் போய் வரிசையில் கோணலாக இருந்த நாற்காலிகளை நேராக்க ஆரம்பித்தாள். நேராக இருந்ததையும் நகர்த்தி மறுபடி நேராக்கினாள்.

டங்கன் என் தோளைத் தொட்டுப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்திவிட்டுத் தன் ஸ்வெட்டரைத் தூக்கித் தொப்பையைக் காட்டினார். கல்யாணமான புதிதில் தனக்கும் தொப்பைக்குக் கீழே கட்டத்தான் தெரியும் என்றார். ஒரு நாள் விருந்தில் ஆடிக்கொண்டிருந்தபோது கில்ட் தரையில் கிடந்ததாம், அவர் இரண்டடி தள்ளி ஆடிக்கொண்டிருந்தாராம். "கீழே கட்டினால் தொப்பை அதைத் தள்ளிவிடும். மேலே கட்டினால் தொப்பையே அதைத் தாங்கிக்கொள்ளும். வெறும் வயிற்றில் கட்டாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டு, ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து, அப்புறம் மேல் வாரை இறுக்குங்கள். கீழ் வாரைத் தளர விடுங்கள்."

இப்படிப்பட்ட சாஸ்திரம் எனக்குப் பிடிக்கும். "அப்படியானால் கொசுவம் எதற்குப் பின்னால்?" என்று கேட்டேன். "உட்காருகிற பக்கம் அதுதானே" என்றார்.

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு இயன் வந்தான். நான் வாங்கி வந்த பட்டு வேட்டியைப் பேன்ட்டின் மேல் கட்டியிருந்தான். குளித்துவிட்டு வருகிறவன் துண்டைச் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று. ஜரிகைக் கரை உள்ளே ஒளிந்திருந்தது. இடுப்பைச் சுற்றித் துணி உலர்த்தும் கிளிப் ஏழெட்டு. "மூன்று நாளாகப் பழகுகிறேன் மாமா" என்றான். மாமா என்பதை மட்டும் தமிழில் சொன்னான். டங்கனைப் போல உதட்டைக் கடிக்க எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், டங்கனும் சிரித்தார், கடைசியில் அவனும் சிரித்தான். கிளிப்பை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு அவனுக்கு ஒழுங்காகக் கட்டிவிட்டேன். அவன் முட்டி போட்டு எனக்குக் கொசுவத்தைப் பின்பக்கம் திருப்பினான். வெளியே வந்து, "நாளைக்குக் கில்ட்தாம்மா" என்றேன். நித்யா தலையை மட்டும் அசைத்தாள்.

சனிக்கிழமை காலை முருகன் சாட்சியாகத் தாலி ஏறியது. கோயில் என்றால் கோபுரம் எல்லாம் கிடையாது, ஒரு பழைய கட்டடத்தின் மாடி. நெருப்பு எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்று ஹோமத்தில் குருக்கள் கஞ்சத்தனமாக நெய் விட்டார். இயன் அக்கினியை வலம் வந்தபோது என் கண் அவன் இடுப்பிலேயே இருந்தது. வேட்டி அசையவில்லை. கீழ்த்தளத்தில் வடை பாயசத்தோடு பந்தி. டங்கன் சொன்னபடி நன்றாகச் சாப்பிட்டேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், தொப்புளுக்கு ஒரு விரல் மேலே வைத்துக் கில்ட்டைக் கட்டினேன். மேல் வார் இறுக்கம், கீழ் வார் தளர்ச்சி, கொசுவம் பின்னால். தொப்பை அதை நிஜமாகவே தாங்கிக்கொண்டது.

பெண்கள் முதல் காரில் போய்விட்டார்கள். இயனும் நானும் ஏறிய இரண்டாவது கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. டாக்சியைக் காணோம். இயனின் கில்ட் சர்ச்சில் இருந்தது. மெட்ரோவில் போய்விடலாம் என்றான். பட்டு வேட்டியில் ஒரு வெள்ளைக்காரனும் கில்ட்டில் ஒரு கும்பகோணத்துக்காரனும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். வெறும் முழங்காலில் ஐப்பசிக் குளிர் ஊசியாகக் குத்தியது. எதிரில் அந்தக் கதவு. முருகா என்று தள்ளினேன்.

காற்று வந்தது. கம்பளி அத்தனை கனம், கில்ட் இம்மி அசையவில்லை. பட்டு வேட்டி பாய்மரமாகக் கிளம்பி இயன் முகத்தை மூடியது. உள்ளே அரை டிராயர் போட்டிருந்த புண்ணியவான். இரண்டு கையாலும் வேட்டியை அமுக்கிப் பிடித்து அவனை ரயிலில் ஏற்றினேன். எதிர் இருக்கையில் ஒரு பையன் அம்மாவிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டான். "கல்யாணத்தில் யார் பெண் என்று கேட்கிறான்" என்று இயன் மொழிபெயர்த்தான். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வரும்வரை இருவரும் எதிர்ப்பக்கம் பார்க்கவே இல்லை.

சர்ச் வாசலில் நித்யா வெள்ளை உடுப்பில் காத்திருந்தாள். இயன் பக்கத்து வழியாக ஓடிப் போய் உடை மாற்றிக்கொண்டு முன்னால் நின்றுவிட்டான் என்று ஆள் வந்து சொன்னார்கள். என் கையைக் கோத்துக்கொண்டாள். விரல் எல்லாம் சில்லென்று இருந்தது. முகம் வாரம் முழுக்க இருந்த அதே முகம், இறுக்கிக் கட்டிய முகம். "கழலாதே மாமா?" என்றாள். "கழலாது, பாயசம் தாங்குது" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

கதவைத் திறந்தார்கள். வாத்தியம் ஆரம்பித்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

பெண் வரும்போது எழுந்து நிற்பது அவர்கள் வழக்கமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வரிசையில் மார்கரெட், எண்பது வயசுக்காரர், தடியை ஊன்றி, பெஞ்சைப் பிடித்து, மெல்ல எழுந்து எங்களை நோக்கித் திரும்பினார். அவர் எழுந்ததை என் கண் பார்த்தது. கை அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. நித்யாவின் பிடியிலிருந்து உருவிக்கொண்டு இரண்டு கையும் நேரே தொடைக்குப் போயின. பெரியவர்கள் எதிரில் மடித்துக் கட்டிய வேட்டியோடு நிற்கிற மாதிரி உடம்பு பதறிவிட்டது. குனிந்து கில்ட்டின் ஓரத்தைப் பிடித்து இறக்கினேன். இறங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மறுபடியும் இழுத்தேன்.

பக்கத்தில் ஒரு சத்தம். நித்யா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு பார்க்கப் போறா?" என்றாள்.

அதை என்னிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. வாரம் முழுக்க வராத அழுகை, மூன்று வருஷமாக நின்றிருந்த அழுகை, சிரிப்போடு கலந்து தோள் குலுங்க வந்தது. எனக்கும் பொங்கிவிட்டது. சுந்தரம் மச்சான் ரிசீவரை வாங்குவதற்கு முன் வேட்டியை இறக்கி விடுவதை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த நிமிஷம் பார்த்தேன்.

அப்போதுதான் மார்கரெட்டைக் கவனித்தேன். நான் குனிந்தது எங்கள் ஊர் மரியாதை என்று எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. தடியை மருமகள் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, பாவாடையின் இரு ஓரத்தையும் பிடித்து, முட்டியை மடக்கி, எங்களுக்குத் திருப்பி வணக்கம் செய்தார். அதைப் பார்த்த டங்கன் தொப்பை இடிக்கக் குனிந்து தன் கில்ட்டின் ஓரத்தைத் தொட்டு நிமிர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், அதற்கடுத்தவர் என்று அந்த வரிசையில் கில்ட் கட்டிய ஆண்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து எழுந்தார்கள். கடைசியில் முன்னால் நின்ற இயனும் குனிந்தான்.

"எல்லாரும் பார்த்துட்டாங்கம்மா" என்றேன்.

நித்யா கையை மறுபடி என் கைக்குள் கோத்துக்கொண்டாள். விரல் இப்போது சூடாக இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல், "வாங்க போகலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.